பதிவு செய்யாத கலியாணமும் செல்லும்

"வெள்ளைக்காரன் காலத்தில் திருகோணமலையில் பதியாத கலியாணம் எதுவும் செல்லாது, அந்தப் பிள்ளைகளுக்குச் சொத்திலும் உரிமையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பிழை.

அவர் கண்டிச் சிங்களவருக்கான கண்டியச் சட்டத்தோடு குழப்பிக்கொண்டார் போலிருக்கிறது. 1859இல் வந்த கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு கண்டியக் கலியாணத்துக்குத்தான் பதிவு கட்டாயம். திருமலைத் தமிழருக்கு அது பொருந்தாது. இங்கே ஐயர் வந்து, கூறை கொடுத்து, தாலி கட்டினால் அது சட்டப்படியும் கலியாணம்தான். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம்கூட, பதிவை மிகச் சிறந்த சான்று என்கிறதே தவிர, பதியாவிட்டால் செல்லாது என்று சொல்லவில்லை. (முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம், அதை இதில் சேர்க்க வேண்டாம்.)

இன்னொன்று. ஒரு ஆணும் பெண்ணும் ஊரறியக் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அவர்கள் மணமானவர்கள் என்றே கொள்ள வேண்டும். 1881இல் இலங்கைத் தமிழர் வழக்கு ஒன்றில் அக்காலத்து உச்ச மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலே இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. சரி, பதிவு இல்லாதவர்களுக்குச் சொத்து வழக்கில் சாட்சி தேடும் அலைச்சல் இருந்திருக்கும். அதற்காகப் பூட்டி பூட்டன்மாரின் கலியாணத்தையே இல்லையென்று எழுதுவதா?