'க' வராததற்கு நாக்கின் அடிக்கயிறு காரணமில்லை

நாலரை வயசுப் பையன் ஏற்காட்டை 'ஏத்தாடு' என்கிறான், 'க' வரவேண்டிய இடத்தில் 'த' வருகிறது. அடிக்கயிற்றை (நாக்குக்கு அடியில் இருக்கும் மெல்லிய சவ்வை) வெட்டி தினமும் விசில் ஊதவைத்தால் சரியாகும் என்று சொல்வது தவறு. 'க' பிறப்பது நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடும்போது. அடிக்கயிறு பிடித்துவைப்பது நுனியை. நுனியால் சொல்லும் 'த' அவனுக்கு நன்றாகவே வருகிறதே! விசில் ஊதினால் விசில்தான் நன்றாக வரும்.

முதலில் காது பரிசோதனை. சேலம் அரசு மருத்துவமனை காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். அப்புறம் ஸ்பீச் தெரபிஸ்ட். மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு தானே பின்னால் சரியும். நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஸ்பூன் காம்பால் லேசாக அழுத்தி 'அக்... அக்' சொல்லவைப்பார்கள். காம்பு உள்ளே போனால் குமட்டும், நுனியோடு நிறுத்துங்கள். அது நிலைத்ததும் 'கா', 'கூ'. பிறகு காக்கா, தாத்தா படங்கள். காக்காவைக் கேட்க நினைத்து 'தாத்தா' என்றால் தாத்தா படத்தையே கொடுங்கள், முழிப்பான், பிழை அவனுக்கே உறைக்கும். தினம் 10 நிமிடம், 50 முறையாவது. தனி ஒலி வந்த அன்றே வாக்கியத்துக்குத் தாவினால் பழைய 'த' திரும்பிவிடும். 'ழ' வரவில்லையா? இந்த வயசில் அதை விடுங்கள்.