ஏன் பத்துப் பேர் மட்டும்?

மேசைமேல் பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டில் புதிதாக ஒரு ஸ்கர்மிஷ் (சிறு கூட்டங்களின் சண்டை) ரூல்புக் கைக்கு வந்தால் நான் முதலில் ஆயுதப் பட்டியலைப் புரட்டுவதில்லை. இந்தச் சண்டையில் ஏன் பத்துப் பேர் மட்டும் இருக்கிறார்கள், மீதிப் படை எங்கே போனது? இதற்கு அந்தப் புத்தகத்தின் உலகம் பதில் வைத்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

1999-ல் வந்த மோர்டைம் என்ற ஆட்டம் அந்தப் பதிலோடுதான் தொடங்குகிறது. வால்நட்சத்திரம் விழுந்து நாசமான நகரம். இடிபாடுகளுக்குள் சிதறிக் கிடக்கும் மாயக் கல்லைப் பொறுக்கச் சின்னச் சின்னக் கூட்டங்கள் நுழைகின்றன. கல்லை விற்றால் காசு. காசு இருந்தால் புது ஆள், புது வாள். அந்தச் சந்து பொந்துகளுக்குள் பெரும்படைக்கு வேலையே இல்லை. கதை எங்கே முடிந்து விதி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

என் கூட்டத்து வீரன் ஒருவன் ஒரு ஆட்டத்தில் விழுந்தான். ஆட்டம் முடிந்ததும் காயப் பட்டியலுக்குப் பகடை உருட்டினேன். கால் காயம். நாலு அங்குலம் நடந்தவனுக்கு இனி எப்போதும் மூன்று அங்குலம்தான். அடுத்த ஆட்டத்தில் மற்றவர்கள் சுவர் மறைவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இவன் மட்டும் நடுத்தெருவில் நின்றான். அன்று இரவே மெல்லிய தூரிகையால் அவன் முழங்காலில் வெள்ளைக் கட்டு ஒன்று வரைந்தேன். பெரிய படையில் இருந்திருந்தால் அவனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவனை நகர்த்தியிருப்பேன்.

புது உலகம் வரும்போது பொம்மை நிற்கும் அடித்தட்டுகூட மாறிவிடும். 1983-ல் பிறந்த வார்ஹாமர் என்ற பெரும்படை ஆட்டத்தில் சதுர அடித்தட்டு. வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி அணியாக நகர்வார்கள். 2015-ல் அந்தப் பழைய உலகத்தை அழித்து ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற புது ஆட்டம் வந்தது, அடித்தட்டு வட்டமானது, அணி கலைந்தது. வருடக்கணக்கில் படை சேர்த்தவர்களின் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2024-ல் பழைய உலகம் திரும்பியபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

ஆனால் அதே 2015-ல்தான் ஃப்ராஸ்ட்கிரேவ் என்ற ஸ்கர்மிஷ் ஆட்டமும் வந்தது. உறைந்து கிடந்த மந்திரவாதிகளின் நகரம் உருகுகிறது, புதையல் தேடி ஒரு மந்திரவாதியும் அவன் சீடனும் கூலி வீரர்களும் கிளம்புகிறார்கள். மொத்தம் பத்துப் பேர், இருபது முகப் பகடை, எந்த நிறுவனத்தின் பொம்மையாக இருந்தாலும் சரி. அலமாரியில் தூங்கிய பொம்மைகளுக்கு மறுபடி வேலை கிடைத்தது.

நல்ல விதி ஒற்றை ஆளின் நெஞ்சுத் துடிப்பைத் தொடும். சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ் என்ற ஆட்டத்தில் ஓர் ஆளை இயக்க ஒன்று, இரண்டு, மூன்று பகடை என நாமே தேர்ந்தெடுக்கலாம். பகடை கூடினால் செயலும் கூடலாம். ஆனால் இரண்டு பகடை தவறினால் நம் முறை அதோடு முடிந்தது. இன்ஃபினிட்டி என்ற ஆட்டத்தில் எதிராளியின் வீரன் நகரும்போதே நம் ஆளின் கண்ணில் பட்டால் உடனே திருப்பிச் சுடலாம். அங்கே சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரவே முடியாது.

பெரிய ஆட்டத்தின் விதிகளை எடுத்து, ஆள் எண்ணிக்கையை மட்டும் குறைத்து, மேசையையும் சுருக்கி "ஸ்கர்மிஷ்" என்று பெயர் வைப்பவர்களிடம்தான் எனக்கு வருத்தம். அதில் யாருக்கும் காயம் தங்குவதில்லை, யாருக்கும் பெயர் வைக்கத் தோன்றுவதில்லை. புது ரூல்புக் எழுத உட்காரும் நண்பர்களே, பகடைக் கணக்குக்கு முன்னால் ஒரு பக்கம் எழுதுங்கள்: இந்தப் பத்துப் பேர் யார், எதைத் தேடி வந்தார்கள், வெறுங்கையோடு திரும்பினால் அவர்களுக்கு என்ன ஆகும்?