பேருக்குச் சண்டை இல்லைங்க, விலைக்குச் சண்டை

சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு (ஒரு ஊர்ப் பொருளோட பேரை அந்த ஊருக்கே உரிமையாக்கற சட்டப் பதிவு) வாங்கினதைக் கேலி பண்ற அந்த வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துட்டேன். "ஐரோப்பாக்காரன் சீஸ் பேருக்காக வர்த்தகப் பேச்சையே இழுத்தடிக்கிறான், அதைப் பார்த்து நம்மாளுங்க ஜவ்வரிசிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு அலையறாங்க"ன்னு அதுல பேசறவர் சொன்னதும் சுத்தி இருக்கறவங்க சிரிக்கிறாங்க பாருங்க, அதுதான் தாங்கல. அந்த வீடியோவைப் பகிர்ந்து சிரிப்பு பொம்மை போட்டவங்கள்ல பாதிப் பேர் சேலத்துக்காரங்க.

ஐரோப்பாக்காரன் போடறது விலைக்கு நடக்கற சண்டை. பேர் யார் கையில இருக்கோ விலையும் அவங்க கையிலதான் இருக்கும்.

ஃபெட்டாங்கற சீஸ் பேர் கிரேக்கத்துக்கு மட்டும்தான்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2005-ல உறுதி பண்ணுச்சு. கிரேக்கர்கள் அதோட விடல. டென்மார்க் கம்பெனிகள் ஐரோப்பாவுக்கு வெளியே அனுப்பற சீஸ்லயும் அந்தப் பேரைப் போட்டதைத் தடுக்காம விட்டது டென்மார்க் அரசோட தப்புன்னு 2022-ல தீர்ப்பு வந்துச்சு. இத்தாலிக்காரன் கதை இன்னும் கொடுமை. பார்மா ஊர்ப் பன்றித்தொடையைக் கனடாவுல 'பார்மா'ன்னு சொல்லி விக்கவே முடியாம இருந்தான். அங்க ஒரு கம்பெனி அந்தப் பேருக்கு முன்னாடியே டிரேட்மார்க் வாங்கி வெச்சிருந்தது. 2017-ல ஐரோப்பா-கனடா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் சொந்த ஊர் பேர்ல அங்க விக்க முடிஞ்சது. இப்படி அடிபட்டவன் அடுத்த ஒப்பந்தத்துல பேரைப் பத்திப் பேசாம கையெழுத்துப் போடுவானா?

"அதெல்லாம் பணக்கார நாட்டுக்காரன் பொழுதுபோக்கு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். கம்போடியா பணக்கார நாடா? அவங்க கம்போட் மிளகு 2016-ல ஐரோப்பாவுல பதிவாச்சு. ஐரோப்பாவும் சீனாவும் 2021-ல இருந்து ஆளுக்கு நூறு பேரைப் பாதுகாக்கறாங்க. சீனாவோட அந்தப் பட்டியல்ல பீன்ஸ் விழுது ஒண்ணு இருக்கு. விழுதுங்க! சமையலறையில ஜாடியில கிடக்கறது. அதுக்கு ஒரு அரசாங்கம் மேஜையில உட்கார்ந்து பேசியிருக்கு.

நம்ம பக்கம் டார்ஜிலிங் தேயிலைக்கு ஐரோப்பாவுல அந்தப் பாதுகாப்பு 2011-ல கிடைச்சுது, காங்க்ரா தேயிலைக்கு 2023-ல. பாஸ்மதிக்கு 2018-ல போட்ட விண்ணப்பம் பாகிஸ்தான் எதிர்ப்புல மாட்டிக்கிச்சு. 2022-ல இந்தியாவும் ஐரோப்பாவும் பேச்சை மறுபடி தொடங்கினப்ப புவிசார் குறியீட்டுக்குன்னே தனி ஒப்பந்தம்னு எடுத்து வெச்சாங்க. அந்தப் பட்டியல்ல நம்ம ஊர் பேரும் இருக்கணும்னு கேட்கறது கேலிக்குரிய விஷயமா?

சொந்த நாட்டுல பதிவே ஆகாத பேரை வெளிநாட்டுக்காரன் காப்பாத்த வேண்டிய கடமை இல்லைன்னு உலக வர்த்தக அமைப்போட அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸே சொல்லுது. அதனாலதான் சேலத்து ஜவ்வரிசி உற்பத்தியாளர்களோட கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் மெனக்கெட்டு 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு வாங்குச்சு. அவர் ஸ்டிக்கர்னு சொன்னது அதைத்தான்.

எங்க சித்தி ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ மில்லுல, அதாவது ஜவ்வரிசி ஆலையில, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோலுரிக்கப் போனாங்க. சின்ன வயசுல லீவுக்குப் போனா மில்லுலயேதான் கிடப்பேன். அரைச்ச பாலைத் தொட்டியில தெளிய விட்டு, அடியில படிஞ்ச ஈரமாவை வெட்டி எடுத்து உடைப்பாங்க. தொட்டில் மாதிரி கட்டின துணியில அந்த மாவைப் போட்டு ஆட்டினா தூளா இருந்தது மணி மணியா உருண்டு வரும். சலிச்சு, தேங்காய் எண்ணெய் தடவின சூட்டுத் தட்டுல வாட்டி, களத்துல கொட்டிக் காய வைப்பாங்க. சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அந்தப் புளிச்ச மாவு வாசம் கையை விட்டுப் போகாது. அந்தக் கையைப் பார்த்துட்டு யாரும் சிரிக்க மாட்டாங்க.

புனேவுல வேலை பார்த்தப்ப ஒரு ஏகாதசி அன்னிக்குத் தெருவே ஜவ்வரிசி கிச்சடி சாப்பிட்டுச்சு. கடைக்காரர்கிட்ட ஆசையா "இது எங்க ஊர்ல செய்யறது"ன்னேன். "சேலமா? அது எங்க இருக்கு?"ன்னார். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பேக் பண்ணின ஊர் பேர் இருக்கு, விக்கிறவர் பேர் இருக்கு, சேலம் இல்ல. விரதத்துக்கு நாடு முழுக்கச் சாப்பிடற பொருள், செஞ்ச ஊரோட பேர் ஒருத்தருக்கும் தெரியல. அன்னிக்கு ரொம்ப வலிச்சுது, இப்ப எழுதறப்பவும் வலிக்குது.

"மரவள்ளியே தென் அமெரிக்காவுல இருந்து வந்தது, அதுல உங்களுக்கு என்ன உரிமை?"ன்னு கேட்பீங்க. காபியும்தான் கடல் தாண்டி வந்துச்சு. 2019-ல கூர்க், வயநாடு, சிக்மகளூர், பாபாபூதன்கிரி, அரக்குன்னு அஞ்சு இடத்துக் காபிக்குக் குறியீடு கொடுக்கலையா? எங்க ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை அதுல இல்லைங்கறது தனி வயித்தெரிச்சல். சில்வர் ஓக் நிழல்ல, மிளகுக்கொடிக்குப் பக்கத்துல ஏற்காட்டுல விளையற காபி இன்னிக்கும் ஊர் பேர் இல்லாத மூட்டையாத்தான் மலையிறங்குது.

"விலை ஏறிடும்"னு ஒரு கவலை. ஏறட்டுமே.

"உங்க மில்லுலயே மக்காச்சோள மாவு கலக்கறாங்க, வெளுக்கறதுக்கு ரசாயனம் போடறாங்க"ன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்? கலக்கறவங்க இருக்காங்க, ரெய்டு நடக்குது, எல்லாருக்கும் தெரியும். ஆனா பேர் இல்லாத சரக்குலதான் கலப்படம் சுலபம். குறியீடுன்னா இன்ன பொருள்ல, இன்ன முறையில செய்யணும்னு எழுதி வெச்ச விதி. அதை மீறினா பிடிக்கறதுக்கு ஒரு பிடிமானம். நாலு பேர் செய்யற தப்புக்கு மொத்த ஊரையும் ஏன் கேவலப்படுத்தணும்? ஐரோப்பாவுலயும்தான் போலி ஒயின் பிடிபடுது, அதுக்காக யாராவது ஷாம்பெய்ன் பேரை எடுத்துடச் சொன்னாங்களா?

அந்த ஒயினுக்கும் சாராயத்துக்கும் டிரிப்ஸ்ல தனிச் சலுகை. வாங்கறவன் ஏமாந்தாலும் ஏமாறாட்டியும் அந்தப் பேரை இன்னொருத்தன் போடக்கூடாது. மத்த பொருளுக்கெல்லாம், வாங்கறவன் ஏமாறறான்னு நிரூபிக்கணும். சாராயத்துக்குக் கொடுக்கற மரியாதையைச் சோத்துக்கும் கொடுங்கன்னு இந்தியா வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கு. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் ஒத்துக்கல. இதைப் பத்தி ஒரு வீடியோ போட்டிருக்கலாம் அவர்.

கிழங்கு வெட்டின ரெண்டு மூணு நாள்ல கெட ஆரம்பிச்சிடும். மில் வாசல்ல லாரி வரிசையில நிக்கற நேரமெல்லாம் விவசாயிக்கு நஷ்டம். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்னு பார்த்து விலை போடுவாங்க, சொன்ன விலைக்குத் தலையாட்டிட்டு வரணும், திருப்பி எடுத்துட்டுப் போக முடியாது. குறியீடு வந்த அடுத்த நாளே இது மாறிடும்னு நான் சொல்லல. பேரே இல்லாம இத்தனை வருஷம் வித்துப் பார்த்தாச்சு, விவசாயிக்கு என்ன மிஞ்சுச்சு? அதை மட்டும் சொல்லுங்க.

சேகோசர்வுக்கும் தோட்டக்கலைத் துறைக்கும் மனு எழுதிக்கிட்டு இருக்கோம். வெளிநாட்டுப் பேச்சுக்குப் போற பட்டியல்ல சேலம் ஜவ்வரிசியைச் சேர்க்கணும், சேர்வராயன் காபிக்கு விண்ணப்பம் தயாராகணும், இந்த ரெண்டும்தான் கோரிக்கை. கையெழுத்துப் போட விரும்பறவங்க இன்பாக்ஸ்ல வாங்க. அந்த வீடியோவுக்குச் சிரிச்ச சேலத்துக்காரங்களும் வரலாம்.