திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசலைக் கட்டியது அவுரங்கசீப் அல்ல

"சென்னை திருவல்லிக்கேணி பெரிய பள்ளிவாசல் அவுரங்கசீப் கட்டியது, உள்ளே இருக்கும் கல்வெட்டு இன்னும் யாருக்கும் புரியாத புதிர்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அவுரங்கசீப் இறந்தது 1707இல். வாலாஜா பள்ளிவாசல் என்றும் அழைக்கப்படும் இந்தப் பெரிய பள்ளிவாசல் எழுந்தது 1795இல், ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் கட்டியது. சாம்பல் நிறக் கருங்கல், இரண்டு உயரமான மினாராக்கள், முன்னால் பெரிய திடல். திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்க்காமல் தாண்ட முடியாது.

அப்புறம், அந்தக் கல்வெட்டு. அது பாரசீக மொழியில் உள்ள காலக்குறிப்பு, அதாவது எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் ஆண்டு கிடைக்கும்படி எழுதப்பட்டது. எழுதியவர் நவாபின் செயலாளர் ராஜா மக்கன் லால், ஒரு இந்து. (ஃபார்வர்ட் செய்தவர்கள் இதை விட்டுவிட்டதுதான் எனக்கு வருத்தம்.) அதில் ஆண்டைச் சொல்லும் சொற்றொடர் 'ஸிக்ருல்லாஹி அக்பர்'. அப்ஜத் முறையில் ஒவ்வோர் அரபு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. 'ஸிக்ர்' என்பதற்கு 700, 20, 200, ஆக 920. 'அல்லாஹ்' 66. 'அக்பர்' 223. கூட்டினால் 1209. இஸ்லாமிய ஆண்டுக்கணக்கான ஹிஜ்ரியில் 1209 என்றால் 1794-95. சந்தேகம் இருந்தால் அப்ஜத் அட்டவணையை வைத்துக்கொண்டு நீங்களே கூட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

அந்தத் தகவல் உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்தக் கணக்கை அனுப்புங்கள்.