நோட்டாவ அமுக்கி என்ன ஆகப் போகுது

ஓட்டு மிஷின் மேல நம்பிக்கை இல்லாததாலதான் ஜனங்க ஓட்டு போட வர்றதில்லன்னு கட்டுரையில சொல்றத என்னால ஏத்துக்க முடியல, எங்க வீட்லயே ஓட்டு போடாத மூணு பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன், ஒருத்தர் கூட மிஷின பத்தி பேசல, நிக்கிறவங்கள்ல யாருக்கு போடச் சொல்றன்னு என்னையே திருப்பிக் கேக்கறாங்க. மேல கமெண்ட்ல ஒருத்தர் அப்ப நோட்டாவ, அதான் யாருக்கும் ஓட்டு இல்லங்கற பட்டன, அமுக்குங்கன்னு எழுதியிருக்கார், சரிங்க, 2024ல இந்தூர்ல காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்துல வாபஸ் வாங்கிட்டு போன கோவத்துல நோட்டாவுக்கு 2 லட்சத்து 18 ஆயிரத்துக்கு மேல விழுந்துச்சே, அப்புறம் என்ன ஆச்சு, பாஜக வேட்பாளர் பாட்டுக்கு ஜெயிச்சுட்டு போயிட்டார். எம்.பி. தேர்தல்ல நோட்டாவே முதல்ல வந்தாலும் அதுக்கு அடுத்து வந்தவர்தான் ஜெயிச்சவர், அப்படி இருக்கறப்ப எந்த கட்சி பயந்துபோய் நல்ல ஆள நிறுத்தும்? நோட்டா வர்றதுக்கு முன்னாடி, அதாவது 2013க்கு முன்னாடி, யாருக்கும் ஓட்டு போடலன்னா 49 ஓங்கற விதிய அதிகாரிகிட்ட சொல்லி ரிஜிஸ்டர்ல எழுத வச்சுட்டு வரணும், உள்ள இருக்கற ஏஜென்ட் எல்லாம் நம்ம மூஞ்சியவே பாப்பாங்க, அந்த தொல்லை போனது மட்டும்தான் லாபம். மிஷின் விஷயத்துல போன தடவ நான் விவிபாட் கண்ணாடிய, அதான் யாருக்கு ஓட்டு விழுந்துச்சுன்னு சீட்டு அடிச்சுக் காட்டற பெட்டியோடத, நின்னு பாத்தேன், 7 செகண்ட்ல சீட்டு விழுந்துடுது, நான் அமுக்குன சின்னம்தான் வந்துச்சு, ஆனா சட்டமன்ற தொகுதிக்கு 5 மிஷின் சீட்டதான் எண்ணிப் பாக்கறாங்க, அத கொஞ்சம் கூட்டுனா என்ன குறைஞ்சிடும்னு எனக்கும் தோணுது.