1955-ஐ உச்சம் என்று சொல்லலாமா?
அமெரிக்கக் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் 1955-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபெரா என்ற இசைநாடக அரங்கில் பாடியபோதுதான் உச்சத்தைத் தொட்டார் என்று அவரைப் பற்றிய இந்தக் கட்டுரையில் இருக்கிறதே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மேடையில் முக்கியப் பாத்திரம் ஏற்றுப் பாடிய முதல் கறுப்பினத்தவர் அவர், சரி, ஆனால் அப்போது அவருக்கு வயது 57, குரலின் நல்ல காலம் கடந்துபோயிருந்தது. 1930-களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தபோதே அவர் பெரிய பாடகர். பின்லாந்தில் இசையமைப்பாளர் சிபேலியஸ் தன் வீட்டிலேயே அவரைப் பாடவைத்துக் கேட்டார், 1935-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் கேட்ட இத்தாலிய இசை நடத்துனர் டோஸ்கனினி, இப்படியொரு குரல் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும் என்றார். 1939-இல் வாஷிங்டன் லிங்கன் நினைவிடத்தில் அவர் பாடக் கேட்க 75,000 பேர் கூடியதால்தான் புகழ் வந்தது என்று மேலே இன்னொரு கருத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார், அது தலைகீழ்: அதற்கு முன் அதே ஊரின் கான்ஸ்டிட்யூஷன் அரங்கை, கறுப்பினத்தவர் என்பதால் அவருக்குத் தர மறுத்தபோது அவ்வளவு பெரிய கொந்தளிப்பு எழுந்ததே அவர் ஏற்கெனவே புகழ்பெற்றவர் என்பதால்தான். அவருடைய 1930-களின் பதிவுகளையும் 1950-களின் பதிவுகளையும் அடுத்தடுத்து நான் கேட்டிருக்கிறேன். முந்தையவற்றில் கீழ்ஸ்தாயியில் குரல் இறங்கும்போது உடம்பு சிலிர்க்கும், பிந்தையவற்றில் அந்த உறுதி குறைந்து லேசான நடுக்கம் கேட்கிறது. மெட்ரோபாலிட்டன் தன் கதவை இருபது வருஷம் முன்னாடியே திறந்திருந்தால், அங்கே வெர்டியின் இசைநாடகத்தில் வரும் உல்ரிகா என்ற ஒரே வேடத்தோடா நின்றிருப்பார்?