குளிரிலும் அடங்காத கண்ணாடி

தனிச்சுழி வெப்பநிலைக்கு (−273.15 °C, எட்டவே முடியாத குளிரின் எல்லை) அருகே கண்ணாடி ‘முற்றிலும் உறைந்து அசையாமல் போகும்’ என்று, கண்ணாடி பற்றி வெளியான கட்டுரையில் ஒரு வரி. அதை ஏற்க முடியவில்லை. 1971-இல் ஸெல்லர், போல் (Zeller, Pohl) என்ற இரு இயற்பியலாளர்கள் 1 கெல்வினுக்குக் கீழே, அதாவது தனிச்சுழிக்கு மேல் ஒரு டிகிரிக்கும் குறைவான குளிரில், கண்ணாடியின் தன்வெப்பத்தை (சூடேற்ற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை) அளந்தபோதே அந்த எண்ணம் உடைந்துவிட்டது. அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய படிகத்தில் எதிர்பார்ப்பதைவிட அது பல மடங்கு அதிகம்; அதாவது உள்ளே ஏதோ இன்னும் அசைந்து வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. சில அணுக்கூட்டங்கள் இரண்டு நிலைகளுக்கு இடையே குவாண்டம் சுரங்கப்பாய்வால் (தடையைத் தாண்டும் ஆற்றல் இல்லாமலே அதை ஊடுருவிச் செல்வதால்) மாறிக்கொண்டே இருக்கின்றன என்ற விளக்கம் 1972-இல் வந்தது.

இந்த அசைவை மீள்தன்மையில் (வளைந்த பொருள் பழைய வடிவுக்குத் திரும்பும் தன்மையில்) பார்ப்பதுதான் அழகு! மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒரு முனையில் இறுக்கிப் பிடித்து, மறுமுனைக்குப் பக்கத்தில் மின்முனை வைத்து மின்விசையால் அதிரவிடுவார்கள். பட்டை மிகப் பலமாக அதிரும் அதிர்வெண்ணான ஒத்ததிர்வெண் நகர்ந்தால் கண்ணாடிக்குள் ஒலிவேகம் மாறுகிறது, அங்கே எழும் அதிர்வின் முகடு அகன்றால் உள் உராய்வு (அதிர்வின் ஆற்றல் உள்ளேயே வீணாவது) கூடுகிறது என்று பொருள். சிலிக்கா கண்ணாடியில் மில்லிகெல்வின் (கெல்வினில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பகுதியிலிருந்து சூடேற ஏற ஒலிவேகம் மடக்கைக் கணக்கில் (வெப்பநிலை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு) முதலில் ஏறும், பிறகுதான் இறங்கும். மாற்றமோ பத்தாயிரத்தில் சில பங்குதான்.

சிரமம் என்னவென்றால், அதிரவைக்கும் விசையைக் கொஞ்சம் கூட்டினாலே பட்டை தானாகச் சூடாகிவிடும். வெப்பமானி 10 மில்லிகெல்வின் காட்டும், கண்ணாடி அந்த வெப்பநிலையில் இருக்காது. விசையைப் பாதியாக்கியும் அதிர்வெண் நகரவில்லை என்றால்தான் அந்த அளவீட்டை நம்பலாம். கட்டுரையாசிரியர் அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட வேண்டுகிறேன்.